இறுகாத ரெசினும் என் விரல் நுனிகளும்

திருகோணமலையில் ஒரு தனியார் பற்சிகிச்சை நிலையத்தில் நீண்ட காலமாக உதவியாளராக இருக்கிறேன். நாற்காலியின் இடப்பக்கம் நின்று எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, மருந்துகளை எடுத்துக் கொடுப்பது, நீல விளக்கைக் காட்டுவது என் வேலை. பல்லின் நிறத்திலேயே அடைக்கிறார்களே, அந்த வெள்ளை அடைப்பு ரெசின் என்னும் செயற்கைப் பிசினால் ஆனது; நீல விளக்கின் ஒளி பட்டு இறுகும். கிண்ணியாவிலிருந்து வருபவர்களும் மூதூரிலிருந்து வருபவர்களும் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள். அந்த ரெசினை என் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரியாக எழுதி வைத்துக்கொண்டது. அதன்பிறகு வைத்தியர்களிடம் கேட்டும், படித்தும், என் தோலிலேயே பார்த்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும். வாயில் வெள்ளை அடைப்பு இருப்பதால் பயந்துபோயிருப்பவர்களும் படிக்க வேண்டும்.

முதலில் வந்தது வறட்சி. இடது கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நுனிகள் காய்ந்து தோல் உரிந்தது. பிறகு வெடித்தது. தேசிக்காய் பிழிய முடியவில்லை, சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. சில நாட்களில் நுனிகள் மரத்துப்போய், ஊசியைத் தொட்டால்கூடச் சரியாக உணர முடியாத நிலை. அம்மா சவர்க்காரத்தின் மேல் பழியைப் போட்டார். பக்கத்து வீட்டு அன்ரி கிணற்று நீரின் உவர்ப்பைச் சொன்னார். பாமசியில் கொடுத்த களிம்பு பூசும்வரை அடக்கியது, நிறுத்தியதும் திரும்பியது.

எனக்குச் சந்தேகத்தைத் தந்தவை விடுமுறை நாட்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு நிலையம் மூடியிருந்தபோது வீட்டில் வழக்கத்தைவிட அதிகமாகப் பாத்திரம் தேய்த்தேன், மீன் வெட்டினேன், பலகாரம் சுட்டேன். அப்படியிருந்தும் விரல்கள் ஆறின. வேலைக்குத் திரும்பி ஓரிரு நாட்களில் மறுபடி அரிப்பு. சவர்க்காரம்தான் காரணம் என்றால் நேர்மாறாக அல்லவா நடந்திருக்க வேண்டும்? கையில் நாள்பட்ட அரிப்பு உள்ள எவரும் இந்தக் கணக்கைச் செலவில்லாமல் போட்டுப் பார்க்கலாம். எந்த நாளில் கூடியது, எந்த நாளில் தணிந்தது, அதற்கு முந்திய இரண்டு மூன்று நாட்களில் கை எதைத் தொட்டது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தோல் வைத்தியர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

முந்திய இரண்டு மூன்று நாட்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒவ்வாமை என்றதும் இறால் சாப்பிட்டு அரை மணி நேரத்தில் முகம் வீங்குவதைத்தான் நாம் நினைக்கிறோம். ரெசினுக்கு வருவது பெரும்பாலும் அந்த வகை அன்று. அதைத் தாமதமாக வரும் ஒவ்வாமை, நான்காம் வகை என்கிறார்கள். இறுகாத ரெசினில் உள்ள மூலக்கூறுகள் மிகச் சிறியவை. தனியே இருக்கும்போது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணுக்கு அவை தெரிவதில்லை. தோலுக்குள் நுழைந்து நம்முடைய புரதத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகு, அந்தப் புரதம் அந்நியமாகத் தோன்றுகிறது. மேல்தோலில் காவல் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அதைப் பிடித்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டு போகின்றன. அங்கே டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள் அதை அடையாளம் கற்றுக்கொள்கின்றன. கற்கும் காலத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் தொட்டும் எதுவும் நடக்காதிருக்கலாம். கற்று முடித்த பிறகு, அடுத்த முறை தொட்டால் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் அந்த டி செல்கள் வந்து அழற்சியை உண்டாக்குகின்றன. கற்ற பாடம் அநேகமாக ஆயுள் முழுவதும் மறக்காது. அதனால்தான் முதல் பாடமே நடக்காமல் பார்த்துக்கொள்வதற்கு இத்தனை அழுத்தம் கொடுக்கிறேன்.

இனி அந்தப் பொருளைப் பற்றி. வெள்ளை அடைப்பின் அடித்தளமான பிஸ்-ஜிஎம்ஏ என்ற ரெசினை அமெரிக்காவின் ரஃபேல் போவன் உருவாக்கி 1962 இல் காப்புரிமை பெற்றார். அது தேனைவிடக் கெட்டியானது. இளக்குவதற்கு டெக்டிமா போன்ற சிறிய மூலக்கூறுகளைச் சேர்க்கிறார்கள். அத்துடன் கண்ணாடித் தூள் போன்ற நிரப்பிகள். அடைப்பைப் பல்லோடு ஒட்டவைக்க அதற்கு முன் பூசும் மெல்லிய திரவத்தை நாங்கள் பொண்ட் என்போம். அதில் பெரும்பாலும் ஹைட்ரொக்சிஎதில் மெத்தாக்ரிலேட், சுருக்கமாக ஹெமா, இருக்கும். நீரிலும் கலக்கும், ரெசினிலும் கலக்கும், எதற்குள்ளும் ஊடுருவும். பல்லின் ஈரமான உட்பகுதிக்குள் புகுந்து பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே குணம்தான் என் விரலுக்குள்ளும் அதைக் கொண்டுபோனது.

நீல விளக்கின் ஒளி பட்டதும், ரெசினில் கலந்துள்ள கம்போர்குவினோன் என்ற பொருள் அதை வாங்கிக்கொண்டு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோக்கத் தொடங்குகிறது. உதிரிப் பூக்கள் காற்றில் பறக்கும். சரமாகத் தொடுத்தவை அப்படிப் பறப்பதில்லை. கோவில் வாசலில் பூக்கட்டும் அம்மாவைப் பார்த்தவர்களுக்கு இந்த வேதியியல் புரிந்துவிடும். ஆனால் இறுகல் ஒருபோதும் முழுமையாக நடப்பதில்லை. வினைபுரியக்கூடிய பிணைப்புகளில் சுமார் 50 முதல் 75 சதவீதம் வரையே இணைகின்றன. மீதியில் பெரும்பகுதி ஒரு முனையில் பிணைந்து நிற்கும். மிகச் சிறிய பங்குதான் தனியாக அலையும். அந்தச் சிறு பங்குதான் முதல் நாட்களில் எச்சிலோடு கசிகிறது. பிறகு கசிவு வெகுவாகக் குறைந்துவிடும்.

ஆகவே நோயாளிக்கு ஒரு நியாயமும் உதவியாளருக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. நோயாளியின் வாயில் போவது சில துளிகள். உடனே ஒளி காட்டி இறுக்கிவிடுகிறோம். எச்சில் கழுவிக்கொண்டே இருக்கிறது. வாயின் உட்தோலும் வெளித்தோலைவிடப் பொறுமையானது. உதவியாளரோ நாள் முழுவதும் இறுகாத பொருளோடு பழகுகிறார். பொண்ட் போத்தலின் கழுத்தில் ஒரு துளி வழிந்து நிற்கும். மூடியைத் திருகும் மூன்று விரல்களும் அதில் படும். என் விரல்களில் வெடித்தவை அந்த மூன்றும்தான்.

கையுறை போட்டிருந்தீர்கள்தானே என்று எல்லோரும் கேட்கிறார்கள். எப்போதும் போட்டிருந்தேன். இந்த வேலையில் சேரும் எந்தப் பிள்ளைக்கும் முதல் நாளில் யாராவது சொல்லியே ஆக வேண்டிய விடயம் இது: லேடெக்ஸ் கையுறையை ஹெமா சில நிமிடங்களில் கடந்துவிடும், நைட்ரைல் கையுறையும் வெகுநேரம் தடுப்பதில்லை. பொண்டில் அசற்றோன் அல்லது எதனோல் இருந்தால் இன்னும் வேகமாகக் கடக்கும். கடந்து வந்தது கையுறைக்குள் அகப்பட்டு, வியர்வையோடு சேர்ந்து தோலின் மேலேயே கிடக்கும். மதிய வெயிலில், மின்விசிறி மட்டுமே சுழலும் அறையில், கையுறைக்குள் கை எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் வேலை செய்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையுறை கிருமிக்கு எதிரான காவல். ரெசினுக்கு எதிரான காவல், தொடாமல் வேலை செய்யும் பழக்கம் மட்டும்தான்.

கொழும்பில் ஒரு தோல் நோய் நிபுணரிடம் போகும்படி எங்கள் டொக்டர் கடிதம் எழுதித் தந்தார். இரவுப் புகையிரதத்தில் போய் வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கினேன். செய்த பரிசோதனைக்கு ஒட்டுச் சோதனை என்று பெயர். சந்தேகப்படும் பொருட்களை வாஸ்லின் போன்ற களிம்பில் குறைந்த செறிவில் கலந்து, சிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டுகிறார்கள். ஹெமாவுக்கு வழக்கமான செறிவு 2 சதவீதம். இரண்டு நாட்கள் முதுகு நனையக் கூடாது. கொழும்பு வெக்கையில் அது பெரிய தவம். இரண்டாம் நாள் எடுத்துப் பார்த்தார்கள், நான்காம் நாள் மறுபடி பார்த்தார்கள். ஹெமா வைத்த இடம் சிவந்து தடித்து, சிறு கொப்புளங்களோடு இருந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மெத்தாக்ரிலேட்டும் இலேசாகச் சிவந்திருந்தது. லேடெக்ஸ் வைத்த இடத்தில் ஒன்றும் இல்லை.

இந்தச் சோதனைக்குப் போகிறவர்கள் ஸ்டீரொயிட் மாத்திரை குடிக்கிறார்களா, முதுகில் ஸ்டீரொயிட் களிம்பு பூசியிருக்கிறார்களா என்று முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். அவை எதிர்வினையை அடக்கி, இருப்பதை இல்லை என்று காட்டிவிடும். வேலையிடத்துப் போத்தலிலிருந்து ஒரு துளியைக் கையில் விட்டுச் சோதித்துப் பார்க்கும் யோசனை எவருக்கும் வரவே கூடாது. நேரடித் திரவம் தோலைப் புண்ணாக்கும். ஒவ்வாமை இல்லாத உடலுக்கும் அந்தத் துளியே முதல் பாடத்தைக் கற்பித்துவிடலாம்.

நான் வந்து சொன்ன செய்தி பரவியதும் நோயாளர்கள் கலங்கினார்கள். கிண்ணியாவிலிருந்து வழக்கமாக வரும் ஒரு ராத்தா, தன் வாயிலுள்ள வெள்ளை அடைப்புகளையெல்லாம் எடுத்துவிடட்டுமா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவருக்கு வாயில் எரிவு இல்லை, புண் இல்லை, ஈறு வீக்கம் இல்லை. வேண்டாம் ராத்தா, விட்டுவிடுங்கள் என்றேன். டொக்டரும் அதையே சொன்னார். இறுகிப் பல ஆண்டுகளான அடைப்பு அமைதியாக இருக்கிறது. அதைக் கடைந்து எடுத்தால் நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும், புதிய அடைப்போடு புதிய திரவமும் வரும். பயத்தினால் நல்ல அடைப்பை எடுப்பதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன்.

ரெசினை அடியோடு ஒதுக்கிவிடவும் முடியாது. பாதரசம் சேர்ந்த கறுப்பு அடைப்பு உலகெங்கும் குறைந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் மருத்துவக் காரணம் உள்ள சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அதை 2025 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. கறுப்பு அடைப்பும் சிலருடைய கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைக் கோடுகளோடு கூடிய எதிர்வினையைத் தருவதுண்டு. எதிர்வினையே தராத பொருள் என்று ஒன்றை நான் இதுவரை கேள்விப்படவில்லை.

அப்படியானால் நோயாளி எதைக் கவனிக்க வேண்டும்? அடைத்த சில நாட்களுக்குள், அடைப்பைத் தொட்டு நிற்கும் ஈறிலோ, உதட்டிலோ, கன்னத்தின் உட்புறத்திலோ சிவப்பு, எரிவு, கொப்புளம், அல்லது வாயோரத் தோலில் அரிப்பு வந்தால் டொக்டரிடம் காட்டுங்கள். வெள்ளைக் கோடுகள் போல ஏதேனும் தோன்றி நிலைத்தால் கட்டாயம் காட்டுங்கள். குளிர்ந்த நீர் குடித்தால் கூச்சம், கடித்தால் வலி என்பவை பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. ரெசின் இறுகும்போது சில சதவீதம் சுருங்குகிறது; அதனால் கூச்சம் வரலாம். அடைப்பு சற்று உயரமாக நின்றாலும் கடிக்கும்போது வலிக்கும். அதைத் தேய்த்துச் சரிசெய்தால் போதும். சிகிச்சை நடக்கும்போதே, நிமிடங்களுக்குள் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டினால் அது அவசர நிலை. அதற்கு ரெசின் காரணமாவது மிக அரிது. லேடெக்ஸோ, வாய் கொப்பளிக்கும் குளோர்ஹெக்சிடினோ, கொடுத்த வேறு மருந்தோ காரணமாக இருக்கலாம். அதைத் தனியாகக் கண்டுபிடித்தாக வேண்டும்.

பிஸ்பீனோல் ஏ என்ற பெயரைச் சொல்லிப் பயமுறுத்தும் செய்திகளும் கைபேசியில் சுற்றுகின்றன. பிஸ்-ஜிஎம்ஏ தயாரிக்க அந்தப் பொருள் பயன்படுகிறது, சுவடளவில் மிஞ்சவும் கூடும். அடைத்த முதல் சில மணி நேரம் எச்சிலில் அளவு சற்றுக் கூடி, பிறகு இறங்கிவிடுகிறது. அடைத்து முடிந்ததும் மேற்பரப்பைத் துடைத்து மெருகூட்டுவதும், நோயாளி நன்றாகக் கொப்பளித்துத் துப்புவதும் அதை இன்னும் குறைக்கும். காற்று படும் மேல்படலம் ஒட்சிசனால் தடுக்கப்பட்டு எப்போதும் இறுகாமல் பிசுபிசுப்பாக இருக்கும் என்பதால் இந்தத் துடைப்பும் மெருகும் அலங்கார வேலை அல்ல. கொப்பளிக்கச் சொல்ல மறந்துவிட்டால் நீங்களே கேட்டு வாங்கிக் கொப்பளியுங்கள்.

இறுகும் தரம் விளக்கின் கையில் இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் எங்கள் மேசையில் முதலில் காப்பாற்றப்பட்டது நீல விளக்கின் மின்கலம். சார்ஜ் நிச்சயமில்லாத பிற்பகல்களில் டொக்டர் ரெசின் அடைப்பை ஒத்திவைத்து, ஒளி வேண்டாத கண்ணாடி அயனோமர் சீமெந்தால் தற்காலிகமாக அடைத்து அனுப்பினார். அது எவ்வளவு நல்ல முடிவு என்பதை இப்போது நன்றாக உணர்கிறேன். குறைவான ஒளியில் மேற்புறம் கல்லாக இருக்கும், அடிப்புறம் இறுகியிருக்காது. தொட்டுப் பார்த்து அறிய வழியே இல்லை. விளக்கின் நுனியில் பழைய ரெசின் ஒட்டியிருந்தாலும், நுனியைப் பல்லிலிருந்து தள்ளிப் பிடித்தாலும், அடைப்பை 2 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பாக ஒரே தடவையில் வைத்தாலும் இதே கதிதான். தடிப்பாக வைப்பதற்கென்றே செய்த வகைகள் வேறு. விளக்கைப் பிடிப்பது பெரும்பாலும் உதவியாளரின் கை. கண் கூசுகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் கையும் விலகும். செம்மஞ்சள் நிறக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பார்த்துப் பிடிக்க வேண்டும். ஒளியை அளக்கும் சிறு கருவி இருந்தால் விளக்கை அடிக்கடி சோதிக்கலாம்.

ஒவ்வாமைக்கு அப்பால் இன்னொரு விடயம் இருக்கிறது. அதை அறிந்தபோது எனக்கு மெய்யாகவே வியப்பு ஏற்பட்டது. ரெசின் மூலக்கூறுகள் நோய் எதிர்ப்பைத் தூண்டுவதோடு நிற்பதில்லை, சில வேளைகளில் மந்தமாக்கவும் செய்கின்றன. ஆய்வுகூடத்தில் மக்ரோபேஜ் என்னும் விழுங்கு செல்களை ஹெமா, டெக்டிமா கலந்த திரவத்தில் வைத்தால், செல்லைக் காக்கும் குளூட்டாதயோன் குறைகிறது. பிறகு பாக்டீரியாவின் சுவர்ப்பொருளைக் காட்டினாலும் அந்தச் செல்கள் வழக்கம்போல எச்சரிக்கைப் புரதங்களை வெளியிடுவதில்லை. கண்ணாடித் தட்டில் நடப்பது அப்படியே வாயில் நடக்கும் என்று சொல்ல முடியாது; எச்சிலும் இரத்த ஓட்டமும் அங்கே இல்லை. ஆனால் சூத்தை ஆழமாகப் போய், பல்லின் உயிர்ச்சதைக்கு மேல் மெல்லிய சுவர் மட்டும் மிஞ்சியிருக்கும்போது இந்த அறிவு முக்கியமாகிறது. பல்லின் உட்பகுதி நுண்குழாய்கள் நிறைந்தது. இறுகாத மூலக்கூறு அதன் வழியே சதையை அடைய முடியும். வெளிப்பட்ட சதையின் மேல் நேரடியாக ரெசினை வைத்தால் அழற்சி நீடித்து ஆறுவது தடைப்படும். டொக்டர்மார் ஆழமான குழியில் முதலில் கல்சியம் ஹைட்ரொக்சைட்டோ வேறு காப்புச் சீமெந்தோ வைப்பது அதற்காகவும்தான். இத்தனை பூச்சு எதற்கு என்று காசுக்கணக்குப் பார்க்கும் நோயாளர்களுக்கு நான் இதைப் பொறுமையாக விளக்குகிறேன்.

கட்டுப்பல்லும் இதே குடும்பம். அதன் இளஞ்சிவப்புத் தட்டு அக்ரிலிக். மெதில் மெத்தாக்ரிலேட் என்ற திரவத்தைத் தூளோடு குழைத்துச் செய்கிறார்கள். சூடாக்கி இறுக்கும் வகையில் மிஞ்சும் திரவம் குறைவு, அறை வெப்பத்திலேயே இறுகும் வகையில் அதிகம். சர்வதேசத் தரநிலை முன்னதற்கு 2.2 சதவீதம், பின்னதற்கு 4.5 சதவீதம் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. உடைந்த கட்டுப்பல்லை ஒட்டிக் கொடுப்பது பெரும்பாலும் இரண்டாவது வகையால்தான். தம்பலகாமத்திலிருந்து வரும் ஒரு அம்மாவுக்கு, ஒட்டிய கட்டுப்பல்லை அன்றே போட்டதும் அண்ணம் எரிந்தது. அதைக் கழற்றி இரண்டு நாட்கள் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தபின் போட்டார், எரிவு வரவில்லை. மிஞ்சிய திரவம் தண்ணீரில் கசிந்து போய்விடுகிறது. ஒட்டி வாங்கிய கட்டுப்பல்லை இப்படி ஊறவைக்குமாறு எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஆனால் கட்டுப்பல் போட்டவர்களின் அண்ணம் சிவந்தால் முதலில் நினைக்க வேண்டியது ஒவ்வாமையை அல்ல, கண்டிடா என்னும் பூஞ்சணத்தை. இரவிலும் கழற்றாமல் தூங்குபவர்களுக்கு அது வருகிறது. இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டுவைத்தாலே பலருக்குக் குறையும். கட்டுப்பல் செய்யும் அறைகளில் அந்த மாவை வெறும் கையால் குழைக்கும் தம்பிமாரைப் பார்க்கும்போதுதான் எனக்கு நெஞ்சு பதறுகிறது. தோல் வெடிப்பதோடு, விரல் நுனி மரத்துப்போவதும் அவர்களுக்கு உண்டு. அந்தத் திரவம் ஆவியாகவும் பரவும். சன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

இதே பொருள் அழகு நிலையங்களுக்கும் வந்துவிட்டது. உப்புவெளியில் வெளிநாட்டவர்களுக்கு நகப்பூச்சு போடும் ஒரு தங்கச்சி, பல் அடைக்க வந்தபோது தன் விரல்களைக் காட்டினாள். நகத்தைச் சுற்றிச் சிவப்பு, நுனியில் வெடிப்பு, ஒரு நகம் தளத்திலிருந்து கழன்றிருந்தது. விளக்கில் காட்டி இறுக்கும் ஜெல் பூச்சு அவள் போடுவது. அதிலும் ஹெமா இருக்கும். தோலில் வழிந்த ஜெல்லை விரலால் துடைப்பாள், இரவில் தன் நகத்துக்கும் போட்டுக்கொள்வாள். ஐரோப்பிய ஒன்றியம் 2020 இல் கொண்டுவந்த விதிப்படி, ஹெமா உள்ள நகப்பூச்சுகளைத் தொழில்முறையாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம். ஒவ்வாமை வரலாம் என்ற எச்சரிக்கையும் பொதியில் இருக்க வேண்டும். இங்கே இணையத்தில் வாங்கும் பெட்டியில் அப்படி ஒரு வரியையும் நான் காணவில்லை. அழகு நிலையத்தில் கற்றுக்கொண்ட ஒவ்வாமையைத்தான் அவளுடைய உடல் பல் நாற்காலிக்கும் கொண்டுவரும். ஆகவே பல் அடைக்கப் போகும்போது ஜெல் நகப்பூச்சினாலோ, ஒட்டு நகத்தினாலோ, ஒட்டு இமைப் பசையினாலோ தோல் அரித்ததுண்டா என்பதைச் சொல்லுங்கள். டொக்டர் கேட்காமல் போகலாம், அவருடைய படிவத்தில் அந்தக் கேள்வி அநேகமாக இருக்காது.

என் கடைவாய்ப்பல் ஒன்றும் அடைக்க வேண்டியதாயிற்று. கண்ணாடி அயனோமர் வைக்கலாம் என்று முடிவானது. அந்தப் பெயரில் இரண்டு வகை உண்டு. பழைய வகை தூளும் திரவமும் கலந்து தானாகவே இறுகும். அதில் ரெசின் இல்லை. புதிய வகையில் ரெசின் சேர்த்திருக்கிறார்கள், ஹெமாவும் இருக்கிறது. பெட்டியின் முன்பக்கத்தில் இரண்டுக்கும் பெயர் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளை எடுத்து, உள்ளடக்கத்தைப் படித்துப் பார்த்தே தேர்ந்தோம். நோயாளியாக நீங்கள் நினைவில் வைக்க எளிய அடையாளம்: நீல விளக்கு காட்டி இறுக்கினால் அதில் மெத்தாக்ரிலேட், அதாவது ஹெமாவின் குடும்பத்துப் பொருள், இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு காட்டாததெல்லாம் பாதுகாப்பு என்று தலைகீழாகப் பொருள்கொள்ள வேண்டாம். தொப்பிப்பல் ஒட்டும் சீமெந்துகளில் தானாக இறுகும் ரெசின் வகைகளும் உண்டு.

ஹெமாவுக்கு ஒவ்வாமை உறுதியானவர்களிலும் பலர் நன்றாக இறுக்கிய ரெசின் அடைப்போடு சிக்கலின்றி வாழ்கிறார்கள் என்று தோல் நிபுணர் சொன்னார். தவிர்க்க முடியாமல் ரெசின் வைக்க வேண்டியிருந்தால், ரப்பர் திரையால் பல்லைத் தனிமைப்படுத்தி, ஈறிலும் உதட்டிலும் திரவம் படாமல் வைத்து, போதுமான நேரம் ஒளி காட்டி, மெருகூட்ட வேண்டும்.

நான் வேலையை விடவில்லை. பொண்டும், கொம்போசிட் என்று நாங்கள் சொல்லும் வெள்ளை அடைப்புப் பொருளும் இப்போது என் கைக்கு வருவதில்லை. எக்ஸ்ரே, கருவிகளைக் கிருமி நீக்குவது, நோயாளர் பதிவு ஆகியவற்றைப் பார்க்கிறேன். என் இடத்தில் நிற்கும் பிள்ளை போத்தலின் கழுத்தைத் தாளால் துடைத்து, அந்தத் தாளை மூடியுள்ள குப்பைக் கூடையில் போட்ட பிறகுதான் மூடியைத் திருகுகிறாள். கொம்போசிட்டை விரலால் உருட்டாமல் கருவியால் எடுக்கிறாள். கையுறையில் ஒரு துளி பட்டாலும் அந்தக் கணமே கழற்றிக் கையைக் கழுவி, வேறு போட்டுக்கொள்கிறாள். ஒரு நாளைக்கு இத்தனை கையுறை செலவாகிறதே என்று ஆரம்பத்தில் முணுமுணுப்பு எழுந்தது. டொக்டர் அதை ஏற்றுக்கொண்டார்; எல்லா நிலையங்களிலும் அப்படி ஏற்றுக்கொள்வார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, அதனால் உதவியாளர்கள் சேர்ந்தே கேட்க வேண்டும்.

ஒட்டுச் சோதனையின் முடிவை ஒரு சிறு அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்திருக்கிறேன். பல் வைத்தியருக்கு மட்டும் காட்டுவதற்காக அல்ல. முழங்கால் மாற்றும்போது எலும்பில் வைக்கும் சீமெந்து மெதில் மெத்தாக்ரிலேட்டால் ஆனது. சீனி நோயாளர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை அளவிடும் கருவிகள் சிலவற்றின் பசையிலும் அதன் உறவான அக்ரிலேட் உண்டு. இந்தக் குடும்பத்தில் ஏதேனும் ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், எலும்பு அறுவை சிகிச்சைக்கோ நீரிழிவுக் கிளினிக்குக்கோ போகும்போது அந்தப் பெயரை எழுத்தில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பல்லுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், மெத்தாக்ரிலேட் என்ற சொல்லைக் காட்டுங்கள்.